டிரிஃப்ட்

மனு அடிக்கப் பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
பிரகாசி வந்தபோது தங்கச்சிமடம் முழுக்கக் கரண்ட் இல்லை.
இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம் தாங்கும் என்றேன்.
"அதுக்குள்ள முடிச்சிரு" என்றாள்,
நின்றபடியே.

சந்தியாகு அக்கரைச் சிறையில், பதினோரு நாளாக.
படிவம் கேட்கிறது:
படகு எல்லையை ஏன் தாண்டியது?

"தாண்டலை.
தாண்டுறதுன்னா காலைத் தூக்கணும்ல?
இன்ஜின் பெல்ட்டு அறுந்துபோச்சு. மையிருட்டு.
மேல கச்சான் காத்து, கீழ சோநீவாடு,
கொண்டுபோச்சு."

முடிந்தது. தமிழில்
எழுவாய்கூட வேண்டியிருக்கவில்லை அவளுக்கு.
தூதரகத்துக்கு இங்கிலீஷில் போகவேண்டும்.
கிராஸ் என்று அடித்தேன், அழித்தேன்.
வென்ட் என்று அடித்தேன்.
போனவன் என்றால் போக நினைத்தவன் ஆகிவிடுவான்.
அதையும் அழித்தேன்.

பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்த அகராதி,
முதல் நாற்பது பக்கம் கிடையாது. நல்லவேளை, 'டி' இருந்தது.
டிரிஃப்ட்:
நீரோடு ஒதுங்குதல். காற்றின் போக்கில் போதல்.
காற்று குவித்த பனி, மணல்.
பனியை நான் பார்த்ததில்லை. மணலைத்
தனுஷ்கோடி ரோட்டில் தினமும் அள்ளுகிறார்கள்,
தினமும் வருகிறது.

அடியில் பொடி எழுத்தில் பிறப்பு:
டிரைவ் என்ற வினைக்கு உடன்பிறந்தது.
முன்னொரு காலம்
மாட்டுமந்தையை ஓட்டிப்போவதற்கும் இதுவே பெயர்.

ஓடு, ஓட்டு, ஓட்டம்.
நம் வீட்டிலும் அதே கதைதான்.
தன்பாட்டில் மிதக்கிற சொல்லுக்குப் பின்னால்
கம்போடு ஒருவன் வருகிறான்,
முகம் தெரியவில்லை.

யார் ஓட்டியது என்று நான் கேட்கவில்லை.
ஃபேன் நின்றுபோனதைப் பார்த்தபடி அவளே சொன்னாள்:
டீசலுக்கு எண்பதாயிரம் முன்பணம்,
இந்தப் பக்கம் வலை போட்டால் சொறிதான் ஏறுது,
பெரியவளுக்கு நர்சிங் ரெண்டாம் வருசம்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

"டிரிஃப்டட்" என்று அடித்தேன்.
ஒரே சொல்லா, என்றாள்.
ஒரே சொல்தான்.
கலெக்டர் ஆபீசில் கேட்டால் சொல்லணும்,
இன்னொரு தடவை சொல்லு.

சொன்னேன். உதடு அசைத்துப் பார்த்தாள்.
பணத்தை எண்ணி வைத்துவிட்டு,
ராமநாதபுரம் பஸ் திரும்புகிற வரைக்கும்
ரோட்டோரம் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்:

திருப்பிட்டு.
திருப்பிட்டு.

திருத்தலாம் என்று வாசல்வரை போனேன்.