திங்கட்கிழமை முன்னறிவிப்பு

நேற்று எந்த ஊர் தோற்றதோ
அந்த ஊர்க் கார்களெல்லாம்
இன்று மாலை என்மேல் வந்து மோதும்.

எபேன் கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில்
பதினொரு வருஷமாக
அமெரிக்கக் காப்பீட்டுக்குக் காது கொடுக்கிறேன்.
அங்கே காலை ஒன்பது, இங்கே மாலை ஆறு.
கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஒன்றுக்குக்
கால்பந்து என்று பேர் வைத்த ஜனங்கள்.
அதை நான் மன்னித்தாயிற்று.
ஓர் ஆட்டமும் முழுசாகப் பார்த்ததில்லை. முடிவை மட்டும்
கீரை ஆயும்போது போனில் பார்த்துக்கொள்வேன்.
ஜெயித்த ஊர்க்காரன், "அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள்" என்பான்.
தோற்ற ஊர்க்காரன் மேலதிகாரியைக் கேட்பான்.
கடைசி நொடியில் தோற்றிருந்தால்
மேலதிகாரியின் மேலதிகாரியை.

பழைய விடுப்புப் படிவங்களின் முதுகில்
என் கணிப்புகள் இருக்கின்றன, தேதி போட்டு,
அழிக்க முடியாதபடி பேனாவில்.

போன ஜூலையில் எழுதியது:
எங்கள் தொகுதியின் மூன்று இடமும் ஒரே நிறத்துக்கு.
ஸ்டான்லி சந்துக்குள் தார் வண்டி
எந்தக் கொடியோடு நுழைகிறதோ அந்த நிறம்.
தார் ஒரு நிறத்தில் வந்தது.
ஜெயித்தது இன்னொன்று.
தாரையும் வாங்கிக்கொண்டு
வழவழவென்று அந்த ரோட்டிலேயே நடந்துபோய்
மாற்றிக் குத்தியிருக்கிறது எங்கள் சந்து!
தப்பிப்போனதில் இவ்வளவு சந்தோஷம்
வேறெந்தக் கணிப்பும் தந்ததில்லை.
ஜெயித்தவர்களும் அடுத்த தாரை
ஐந்தாம் வருஷத்துக்குத்தான் கிளறுவார்கள்.
அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் திரையோரம் ஒரு முகம் முளைத்தது.
வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு.
எதிர்முனைக் குரலைக் கேட்டுப்
பச்சை, மஞ்சள், சிவப்பாகும்.
"இனி நீங்கள் ஊகிக்க வேண்டாம்" என்றார் ஜில்பேர்.
இதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?
"உங்கள் அழைப்புகள்தான், செல்வினா. பதினொரு வருஷமும்."
என் சம்பளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அப்படி ஒரு வரி இல்லை.

"ரெண்டு வருஷத்தில் நம் நாற்காலிகளை விற்றுவிடுவார்கள்" என்றான் ஸாஹிர்.
நாற்காலியை யார் வாங்குவார்கள், சக்கரம் போய்விட்டது என்றேன்.
செவ்வாய் போகும், புதன் போகும்,
திங்கட்கிழமையை மட்டும் அதனால் எடுக்க முடியாது.
பந்தயம் ஒரு டஜன் காத்தோ பிமான்.

பிப்ரவரி. இறுதி ஆட்டம் எங்களுக்கு விடியற்காலை மூன்றரைக்கு.
வானொலியில் இரண்டாம் எண் புயல் எச்சரிக்கை.
எழுதினேன்: ஏரிக்கரை ஊர் ஜெயிக்கும், ஏழு புள்ளி.
புயல் வரும். மெட்ரோ நிற்கும்.

ஏரிக்கரை தோற்றது.
புயல் ரீயூனியன் பக்கம் திரும்பிக்கொண்டது.
மெட்ரோ ஒரு நிமிஷம் முன்னதாகவே வந்தது.

ஆறு மணிக்கு முதல் அழைப்பு, ஏரிக்கரையிலிருந்து.
பேர் சொன்னார். பாலிசி எண் சொன்னார்.
ஒரு சொல்லும் உயரவில்லை.
வட்டம் பச்சையாகச் சிரித்தது.
"இடது பக்கக் கதவு" என்றார். நிறுத்தினார்.
"நின்றுகொண்டிருந்த கார். நானேதான் உதைத்தேன்."
பச்சை.
அந்த விளையாட்டில் காலைப் பயன்படுத்திய ஒருவரைக்
கடைசியில் சந்தித்துவிட்டேன்.
"எத்தனையாவது நிமிஷத்தில்?" என்று கேட்டேன்.
படிவத்தில் அப்படியொரு கேள்வியே கிடையாது.
"ரெண்டு நிமிஷம் பாக்கி இருந்தது, அம்மா."
பிறகு ரொம்ப நேரம் சிரித்தார், பாதி அழுகையாக.
வட்டம் மஞ்சளாகி, சிவப்பாகி, மறுபடி மஞ்சளாகி
என்னைப் பார்த்தது.

இதையும் அது படித்துக்கொள்ளும்.
அடுத்த வருஷம் எத்தனையாவது நிமிஷம் என்று அதுவே கேட்கும்.
இது என் இருபதாவது கணிப்பு.
பத்தொன்பதில் பன்னிரண்டு தப்பு,
அதுதான் கொஞ்சம் தைரியம்.

பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று
ஸாஹிருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
பொட்டலம் சூடாக இருக்கிறது.
அடுத்த மணி அடிப்பதற்குள்
ஆளுக்கு ஆறு.