இடது கார்னர்

தணிகா மாட்டிக்கிட்டான் என்று
போனில் முதலில் சொன்னது ஹயாத்.
போலீசா என்றேன்.
இல்லடா, ஒண்ணுக்குல என்றான்.

அன்று சாயங்காலம் எர்ணாவூர் கொட்டகையில்
பதினொரு பேர் கூடினோம். ஒருவனும் ஷூ மாட்டவில்லை.
மணலிப் பக்கமிருந்து அந்த வாடை.
மேற்கே காற்றடித்தால் மூச்சுப் பயிற்சி கிடையாது,
இது எழுதி வைக்காத விதி.
தணிகா மட்டும் அன்றைக்கும் ஓடுவான்
மேம்பாலம் ஏறி இறங்கி.
'இந்தக் காத்துலயே பாட முடிஞ்சா
எந்த ஊர்லயும் பாடலாம்டா.'

ஒரு பாட்டுக்கு முப்பது செகண்டு.
திரும்பி வரும்போது அவனிடம்
பத்து மிச்சம் இருக்கும்.
அந்தப் பத்து யாருடையது என்று
டிவியில் இப்போது ஒரு பெயர் ஓடுகிறது,
வாயில் நுழையாதது, 'லோன்' என்று முடிவது.
எங்கப்பனும் லோன்லதான் மாட்டினாரு
என்றான் எத்திராஜ்.
யாரும் சிரிக்கவில்லை.
அப்புறம் சிரித்தோம், ரொம்ப நேரம்,
நிறுத்தத் தெரியாமல்.

மைக் வந்தது.
நான் எழுதிக்கொடுத்த இரண்டு வரியை
கேப்டன் மோகனரங்கம் பார்த்துப் படித்தான்:
'எங்கள் குழுவுக்கும் அவருக்கும்
மூன்று வருடமாகத் தொடர்பில்லை.
விளையாட்டு தூய்மையாக இருக்கவேண்டும்.'
தணிகாவை நாங்கள் 'அவர்' என்றது
அதுதான் முதல் தடவை.
படித்தபோது மோகனரங்கம் நின்ற மேட்
போன ஆடி மாதம் லாரியில் வந்தது.
அவன் லீக் காசு. நீலமும் மஞ்சளும்.
அதற்கு முந்தைய மணல்
என் இரண்டு முட்டியிலும் இன்னும் இருக்கிறது.

மேட்டைச் சுருட்டித் திருப்பி அனுப்பு என்றான் ஒருவன்.
வித்துடலாம் என்றான் இன்னொருவன்.
சின்னப் பசங்க எதும்மேல விழுவானுங்க என்றான் ஹயாத்.
கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தவனை
ஒரு ஆளைப் பிடித்து எழுப்பி உள்ளே சேர்க்கலாம்.
இதற்கு அப்படி ஏதும் உண்டா என்று
எத்திராஜ் யாருக்கோ போன் போட்டுக் கேட்டான்.
நாலு வருசம் என்றார்களாம்.

தெருமுனையில் அவன் பேனர்.
கழற்ற ஏணி இல்லை என்றார்கள்.
ஏணி இருந்தது.
வெயில் பார்த்துக்கும் விடு என்றான் மோகனரங்கம்.

அப்போதுதான் அந்தப் பையன் கேட்டான்,
பதினாறு வயது, பெயர் அஞ்சப்பன்,
அவன் அப்பாவுக்கு எண்ணூர் ஆத்துல இறால் வேலை:
'அண்ணே, அந்த ஊசி என்னா வெல?'

மோகனரங்கம் கை ஓங்கினான்.
ஓங்கிய கை அப்படியே நின்றது.
பிறகு தலையைச் சொறிந்துகொண்டது.
எங்களில் மூன்று பேருக்கு விலை தெரியும்.

நான் இடது கார்னர்.
அவன் எனக்குப் பக்கத்து ஆள், இடது இன்.
ஏழு வருடம் அவன் இடது கை என் வலது கையில்.
செயின் பிடிப்பவனுக்கு
எதிராளியின் காலுக்கு முன்னாலேயே
பக்கத்தில் நிற்பவன் நாடி தெரியும்.
ஊரில் அவன் ஆடிய கடைசிப் பொங்கல் போட்டியில்
அது பூட்டிய வீட்டுக் கதவைத்
தட்டுவது மாதிரி அடித்தது.
முதுகெல்லாம் பரு. ஜெர்சி தோளில் பிரிந்திருந்தது.
என்னடா என்று கேட்க வாயெடுத்தேன்,
விசில் ஊதிவிட்டார்கள்.
ஜெயித்தோம். கோப்பை, ஆளுக்கொரு மிக்சி.
வீட்டில் இன்றைக்கும் சட்னி அதில்தான்.
இரண்டு வரியில் இதற்கு இடமில்லை.

நேற்றிலிருந்து மறுபடி ஆடுகிறோம்.
மேட் அங்கேயேதான் கிடக்கிறது.
இடது இன்னில் அஞ்சப்பனை நிறுத்தியிருக்கிறார்கள்.
எதிராளி கோடு தாண்டிப் பாடிக்கொண்டு வந்தான்.
நான் அவன் காலைப் பார்க்கவில்லை.
என் கைக்குள் இருந்த மணிக்கட்டை
எண்ணிக்கொண்டிருந்தேன்.
போனஸ் போய்விட்டது.
எங்கண்ணே பாக்குற என்று
அந்தப் பையன்தான் கத்தினான்.