மஸ்டர்

சாக்கிநாக்காவில் ஒரு கூரியர் கம்பெனி.
எனக்கு அங்கே பதினேழாவது நாள்.
ஜூலை. குடோனுக்குள் வரலாமா வேண்டாமா என்று
வாசற்படியில் தண்ணீர் யோசித்துக்கொண்டிருந்த காலை.

இம்தியாஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்:
"கதம் ஆஃப் ஹோ கயா."

ஆஃப்பா? சரி.
திங்கட்கிழமை யாருக்குத்தான் வரப் பிடிக்கும்.
மஸ்டரைத் திறந்தேன்.
மங்கேஷ் கதம், குடோன் கீப்பர்.
எட்டாம் தேதிக் கட்டத்தில்
சிவப்பு மையில் போட்டேன்
ஓர் ஓ.

எனக்குத் தெரிந்த ஆஃப்கள் எல்லாம் சாது.
ஃபேன் ஆஃப். மூட் ஆஃப்.
அறைத்தோழி ஜெசிந்தா லோகண்ட்வாலாவில் வாங்கிய
நாற்பது பர்சன்ட் ஆஃப் செருப்பு.
விளாத்திகுளத்தில் சித்தப்பா கேட்டால்
அது பாதி பாட்டில்.
எந்த ஆஃப்பும் ஆளைக் கொண்டுபோனதில்லை,
சித்தப்பாவுடையதைத் தவிர.
அதுவும் விடிவதற்குள்
திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடும்.

பிவண்டியிலிருந்து ஒருவர் போன் செய்தார்.
"கதமுக்கு இன்னைக்கு ஆஃப். நாளைக்கு வருவார்"
என்றேன் என் புத்தம்புது இந்தியில்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, ஒரு குழந்தையைத் தூங்கவைப்பதுபோல்
மெல்ல வைத்தார் போனை.

என் மேசைக்காலில் சாய்ந்திருந்தது கதமின் குடை.
சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தது.
"நீ நனைஞ்சா காஞ்சுடுவே. வவுச்சர் காயாது."
உடைந்த கைப்பிடியில்
'கவனம், உடையும்' என்று அச்சடித்த
பார்சல் டேப்பைச் சுற்றியிருந்தார்.

செவ்வாய்க்கும் ஓர் ஓ போட்டேன்.
"தொடர்ந்து ரெண்டு நாளா? எப்போதான் வருவார்?"

தவறான முகவரியோடு திரும்பிவந்த
பொட்டலத்தைப் பார்ப்பதுபோல்
பார்த்தான் இம்தியாஸ்.
"அதான் நேத்தே சொன்னேனே."
காற்றில் ஒரு விரலை நீட்டி
இல்லாத ஸ்விட்ச் ஒன்றை அழுத்தினான்.
டக்.
"ஞாயித்துக்கிழமை. பல் தேய்ச்சிட்டு இருந்தார்."

தமிழில் எழுதினால்
அவர் பெயரும் 'முடிந்தது'ம் ஒரே மூன்றெழுத்து என்பது
அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

அன்றிலிருந்து ஃபேனை
நிறுத்தச் சொல்கிறேன்.

பரேக் சேட் மஸ்டரைப் புரட்டினார்.
அடித்து எழுதவா என்று கேட்டேன்.
என்ன எழுத்து எழுத?
பி என்றால் வந்தவர்.
ஏ என்றால் சொல்லாமல் நின்றவர்.
எல் என்றால் கேட்டுப் போனவர்.
கதம் கேட்கவும் இல்லை, நிற்கவும் இல்லை.
"எட்டாம் தேதியிலிருந்து கட் பண்ணு" என்று
சேட் அடுத்த பக்கம் போய்விட்டார்.

நான் பின்பக்கங்களுக்குப் போனேன்.
வெள்ளம் ஏறிய இரவு, பொட்டலங்களை
மேல்தட்டில் அடுக்க வந்திருக்கிறார்.
ஹோலி அன்றைக்கு வந்திருக்கிறார்.
பத்து ஞாயிறுகள்.
பதிலுக்கு எடுக்க வேண்டிய ஆஃப்
எதையுமே எடுக்கவில்லை அந்த மனிதர்.
எண்ணினேன். பத்தொன்பது.
அதற்குச் சம்பளம் உண்டு. சட்டப்படி உண்டு.

ஞாயிறுகளைத் தாண்டித் தாண்டி
ஒவ்வொன்றாய் நிரப்பிக்கொண்டு வந்தேன்.
இருபத்தொன்பதாம் தேதியோடு தீர்ந்துவிட்டது.

முப்பதிலும் முப்பத்தொன்றிலும் இருப்பவை
நானாகப் போட்ட ஓக்கள்.
யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒன்றாம் தேதி அவர் மனைவி சுனந்தா வந்தார்.
கவரைப் பிரிக்காமல் பையில் வைத்தார்.
முழு மாதமா என்று மட்டும் கேட்டார் மராத்தியில்;
எனக்கு அது புரிந்தது.
ஆமாம் என்றேன்.
குடையை நீட்டினேன்.
கைப்பிடி டேப்பின் பிரிந்த முனையைக்
கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு,
வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழைக்குள்
அதை விரிக்காமலே நடந்துபோனார்.