நெடுந்தூரம் நடக்கமாட்டார்

சாங்கியிலிருந்து நியூயார்க்
பதினைந்தாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பதினெட்டு மணி நாற்பது நிமிடம்,
காற்று மனம் வைத்தால் கொஞ்சம் குறையும்.
இறங்கும்போது அங்கே ஆறேகால், இங்கேயும் ஆறேகால்;
அவர்களுக்கு விடியும், நமக்கு வெயில் தணியும்.
கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம் என்று
வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதிசயப்பட்டிருக்கிறேன்.

என் வேலை எடை பார்ப்பது.
விமானத்தைத் தராசில் ஏற்ற முடியாது, அதனால் கணக்கில்.
பெட்டிகள், தண்ணீர், சாப்பாட்டு வண்டிகள்,
மூக்கு கனமா வால் கனமா.
எரிபொருளில் ஒரு பங்கு
மற்ற எரிபொருளைத் தூக்கிப் போவதற்கே எரிந்து தீரும்.
வட்டிக்கு வட்டி மாதிரி, என்பான் பக்கத்து மேசை ஹஃபீஸ்.

மனிதர்களுக்குச் சராசரி எடைதான்.
ஒல்லி, பருமன் பார்ப்பதில்லை.
பெயர்களும் எனக்கு வருவதில்லை,
உதவி கேட்டவர்களின் பட்டியலைத் தவிர.

இன்றிரவு அதில் மூன்று பேர்.
இரண்டாவது,
பக்கிரிசாமி, குமணன். நாற்பத்தொன்று கே.
குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

பெடோக் வீட்டை விற்ற பணத்தில் முறிந்து
ஒன்பது வருடம்.
வந்திருக்கிறான் தம்பி.
எத்தனை நாள் இருந்தான், யார் வீட்டில் சாப்பிட்டான்,
தெம்பனிஸில் எங்கள் புளோக்கை
டாக்சியில் கடந்து போனானா,
எடைத்தாளில் வராது.

பெயருக்கு எதிரே நான்கெழுத்துக் குறியீடு.
கடைசி எழுத்தில்தான் விஷயம்.
ஓரெழுத்துக்கு ஆளைத் தூக்கித்தான் உட்கார்த்த வேண்டும்.
இன்னொன்றுக்குப் படி ஏற முடியாது.
இவனுக்கு இருப்பதில் லேசானது:
படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்கமாட்டார்.

நெடுந்தூரம் நடக்கமாட்டார்.

முட்டியா, இடுப்பா.
எந்தக் கால்.

வாயிலுக்கு இங்கிருந்து ஒன்பது நிமிடம்.
கதவடைக்கப் பதினான்கு.
ஐந்து மிச்சம். என் கழித்தல் தவறாது.
எழுந்தும் விட்டேன்.
கிடங்கிலிருந்து அழைப்பு:
பெட்டி ஒன்றை இறக்குகிறோம், ஆள் வரவில்லை.
எந்த இருக்கை, என்று கேட்ட என் குரலை
ஹஃபீஸ் திரும்பிப் பார்த்தான்.
வேறு யாரோ.
பதினெட்டுக் கிலோ. கழித்தேன்,
முழுவதையும் திரும்பக் கூட்டினேன்,
கையெழுத்திட்டேன்.
கேப்டன் சரி என்றார்.

புறப்பட்டபின் அந்த ஊருக்கு ஒரு செய்தி போகும்.
இத்தனை பேர், இத்தனை பெட்டி, சக்கர நாற்காலி மூன்று.
அடியில் கூடுதல் தகவலுக்கு ஒரு வரி இடமுண்டு.
வழக்கமாக ‘ஏதுமில்லை’ என்று போடுவேன்.
இன்று,
நாற்பத்தொன்று கே. மெதுவாகத் தள்ளவும்.

காலை ஏழுக்கு வேலை முடிந்து
இருபத்தேழாம் நம்பர் பேருந்தில் ஏறுகிறேன்.
அவன் ஜப்பானைத் தாண்டியிருப்பான்.
ஜன்னலை மூடச் சொல்லியிருப்பான்.
வெளிச்சம் இருந்தால்
அவனுக்குத் தூக்கம் வராது.