தரவு இல்லை

எண்ணூர்க் கருவி பதினோரு நாளாகப் பேசவில்லை.
அட்டவணையில் அந்தக் கட்டங்களுக்கு
நான் இட்ட பெயர்: தரவு இல்லை.

முதல் வரைவில் 'நச்சு' என்றுதான் எழுதியிருந்தேன்.
இரண்டாவதில் அது 'கவலைக்குரியது'.
மூன்றாவதைத் திருத்திய இணைச் செயலாளர்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே
'கவனிக்கத்தக்கது' என்றார்.
நல்ல மனிதர். அவர் மேசையிலும் ஓர் இன்ஹேலர்.

சராசரி எடுத்தால்
நகரம் நன்றாகத்தான் மூச்சுவிடுகிறது.
பெசன்ட் நகர்க் கடற்காற்றில் கொஞ்சம் கடன் வாங்கி
வடக்கே கூட்டி வகுத்தால் போதும்.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன்.
கருவிக்குக் கீழே டீக்கடை.
பக்கத்தில் ஸ்டெல்லாமேரி
கொடியிலிருந்த பள்ளிச் சீருடையை எடுத்து
இரண்டு முறை உதறினாள்,
மூன்றாவது முறை என் பக்கம் திரும்பி.
"மிஷின் ஓடலைங்கறீங்க.
என் கை ஓடுச்சே.
நேத்து மட்டும் ரெண்டு தடவை."

திங்கட்கிழமை, நான்காவது வரைவு.
பின்னிணைப்பு மூன்றில்
தரவு இல்லை என்ற இடத்தில்
ஒரு நட்சத்திரக் குறி போட்டு
அடியில் சேர்த்தேன்:
வெள்ளைச் சட்டை ஒன்று, ஒரே நாளில் இரண்டு சலவை.

அதை மட்டும் இன்னும் யாரும் திருத்தவில்லை.
அடிக்குறிப்புவரை
யாரும் வருவதில்லை.