ஏழு கோப்பைகள்

முதல் கோப்பை உடைந்தபோது எனக்குப் பதினாறு.
சோதனைக்கு இரா முழுக்கக் கண்விழித்த விடியல்.
யாரோ தோளில் சுண்டினாற்போல் கை ஒருமுறை துள்ள,
தேத்தண்ணி சுவரில் வழிந்தது.
"அப்பிடி என்ன பயம் உனக்கு?" என்றா அம்மா.
பயமில்லை. நடுக்கமுமில்லை.
வள்ளத்தின் அடியில் கிடக்கும் மீன்
செத்துவிட்டதென்று நினைத்த பிறகு
ஒருதரம் எத்துமே, அதுதான்.

இரண்டாவது, மாமி வீட்டில்.
மூன்றாவதுக்குப் பிறகு எனக்கென்று ஒரு சில்வர் பேணி.
பல்லுத் தீட்டும் பிறஷ் கிணற்றுக்குள் பறந்ததை
ஒருவருக்கும் சொல்லவில்லை.

பெரிதாய் விழுந்தது இருபத்தியொன்றில்,
கலியாணவீட்டில் நித்திரை முழித்த மறுநாள்,
கஸ்தூரியார் வீதியில்.
அதை நான் காணவில்லை. கண்டவர்கள் சொன்னது:
ஒரு கத்தல். பலகைபோல் விறைப்பு.
பிறகு கைகால் அடிப்பு, நீலித்த உதடு, நுரை.
கண் திறந்தபோது நாக்கில் இரத்தம்,
கைக்குள் ஒரு ஹொண்டாத் திறப்பு,
அதைத் திணித்த மனிதர் வீட்டுக்குப் போக வழியின்றி
என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.
இரும்பு ஒன்றையும் நிறுத்தவில்லை.
இரண்டு நிமிடத்தில் அது தானாய் ஓய்ந்ததாம்.

வலிப்பு என்றார்கள். கார்பமசெப்பின் தந்தார்கள்.
நேரம் தவறாமல் விழுங்கினேன்.
அந்த மாதம் ஒரு துள்ளல் பத்தானது.
நான்கு, ஐந்து, ஆறு, ஏழு.

பெரியாஸ்பத்திரி கிளினிக் வாங்கில்
இடப்பக்கம் வேலணையிலிருந்து ஒருவர்,
தலைக்குள் இன்னும் ஒரு ஷெல் துண்டு.
"முதல்ல ரயர் எரியிற மணம் வரும் தங்கச்சி.
பிறகு வாய் சப்புவனாம், பொத்தானைத் தடவுவனாம்,
கூப்பிட்டாலும் கேளாதாம்."
என்னைக் குலைத்த அதே குளிசை
அவரை ஏழு வருடமாய்க் காத்துவருகிறது.
வலப்பக்கம் ஒரு சின்னப்பிள்ளை,
"அம்மா, அங்கை வண்ணாத்தி..." என்றவள் நின்றாள்.
கண்ணுக்குள் ஆளில்லை.
நான் பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்து
"...பூச்சி" என்றாள்.
தாய் கைப்பையில் துண்டைத் தேடிக்கொண்டிருந்தா.
வலிப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.
அன்று அந்த வாங்கில் மட்டும் மூன்று இருந்தன.

டொக்டர் விழுந்ததைப் பற்றிக் கேட்கவில்லை.
"காலமை எழும்பின உடனை கையிலை இருக்கிறது பறக்கிறதோ?"
ஐந்து வருடத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை.
"ஏழு கோப்பை" என்றேன்.
அவ சிரிக்கவில்லை. எழுதினா.

வல்புறோவேற் கையைக் கட்டிப்போட்டது.
தலைமயிர் சீப்போடு வந்தது, பாவாடை இறுகியது,
ஆனால் கோப்பை கையிலேயே இருந்தது.

குருநகர் இறங்குதுறையில் வைத்து றெஜினோல்ட்டுக்குச் சொன்னேன்,
நிச்சயத்துக்கு முதலே.
கனநேரம் எஞ்சினைத் துடைத்தான்.
"அப்ப உனக்கு நித்திரை குழம்பக்கூடாது, என்ன?"
விடிய மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவன்
மறுநாளே எஞ்சினைத் தமையன் வீட்டுக்கு மாற்றினான்.

பிள்ளை வேண்டும் என்றபோது டொக்டர் பேனையை வைத்துவிட்டா.
"இந்த மருந்தோடை வேண்டாம். பிள்ளைக்குக் கூடாது.
ஆனா நீங்களாய் ஒருநாளும் நிப்பாட்டக்கூடாது."
ஒன்றைக் குறைத்துக் குறைத்து, மற்றதைக் கூட்டிக் கூட்டி
லெவெற்றிறசெற்றம்.
பெயரைச் சொல்லிப் பழகவே ஒரு கிழமை.
கை அடங்கியது, வாய் அடங்கவில்லை.
சொதிக்கு உப்புக் கூடியதென்று சட்டியோடு கொட்டினேன்.
அந்தக் கோபம் குளிசையினதோ என்னுடையதோ,
இன்னும் எனக்குத் தெரியாது.
அளவைக் குறைத்து, லாமொற்றிஜினை எறும்பு நடையில் சேர்த்தார்கள்.
தோலில் சிவந்த தடிப்பு வருகிறதா என்று
தினமும் றெஜி ரோச் அடித்து என் முதுகைப் பார்த்தான்.

இன்று விடிய அவன் பேணியை எடுக்கவில்லை,
பூப்போட்ட பீங்கான் கோப்பையில் ஊற்றிவந்தான்.
நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கினேன்.
மூன்றாவது மிடறில் கை லேசாய் எத்தியது.

கிளினிக் கொப்பியில் எழுதினேன்:
துள்ளல் ஒன்று, சின்னன்.
சட்டையில் தேத்தண்ணி.
கோப்பைக்கு ஒன்றுமில்லை.