ஏழாம் நம்பர் லயத்தில் ஒரு வட்டப் பெட்டி

குவைத்திலிருந்து கோகிலம் வந்தபோது
சவர்க்காரம், பூப்போட்ட போர்வை,
என் மகனுக்கு ஒரு சைஸ் பெரிய சப்பாத்து,
இவற்றோடு வெள்ளையாய் ஒரு வட்டப் பெட்டியும் வந்தது.
"பொக வந்தா கத்தும் அண்ணி" என்றாள்.
புகை வந்தால் நானும்தான் கத்துகிறேன்.
எனக்கு யார் பேட்டரி போட்டார்கள்?

அவள் அண்ணன் ஸ்டூலில் ஏறி
அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே
குறுக்குச் சட்டத்தில் அதை அறைந்தார்.
நடுவே என்றால் நாலு எட்டு.
எங்கள் காம்பராவில்
எல்லாமே அடுப்புக்குப் பக்கம்தான்.

முதல் நாள் காய்ந்த கொச்சிக்காய் தாளித்தேன்.
கடுகு வெடித்ததே கேட்கவில்லை,
அப்படியொரு கூச்சல்.
கூடையைத் தள்ளிவிட்டுக் கோழி ஓடியது.
பழைய பேப்பரால் விசிறினேன், முறத்தால் விசிறினேன்,
கடைசியில்
கம்பால் அதன் நடுப்பொத்தானைக் குத்தப் பழகினேன்.
ஒரு கையில் அகப்பை, மறு கையில் கம்பு.
பெரட்டுக்குப் போகுமுன்னே
ஒரு சண்டை முடிந்துவிடும்.

மழை மாதம் வந்தது.
கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிளாறு
நனைந்து கிடந்தது.
ஊதினால் புகை, ஊதாவிட்டாலும் புகை.
ரொட்டிக்குக் கத்தியது.
சுடுதண்ணிக்குக் கத்தியது.
ஒருநாள் கதவைத் திறந்தேன்,
மஸ்கெலியாவின் மொத்தப் பனியும் உள்ளே வந்தது,
அதற்கும் கத்தியது.

வெள்ளிக்கிழமை.
விரதமென்று ஊருக்குச் சொல்லிவிட்டு
ஜன்னலைச் சாத்தி, கதவடியில் சாக்கைத் திணித்து
அவருக்காக இரண்டே துண்டு கருவாடு பொரித்தேன்.
பன்னிரண்டு காம்பராவுக்கும்
பெட்டி அறிவித்தது.
மறுநாள் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு
திலகமணி மெதுவாகக் கேட்டாள்:
"கட்டாவா, சாளையா?"

அடுத்த ஞாயிறு
என் அடுப்பு ஆறிக் கிடந்தது,
சாம்பலில் பூனை படுத்திருந்தது.
அப்போதும் கத்தியது.
மேலே பார்த்தேன்.
இந்தச் சுவர் கூரை வரை போகவில்லை.
பக்கத்து வீட்டு இருமலும் பிள்ளை அழுகையும்
சம்பளநாள் சண்டையும்
இருபது வருசமாய் அந்த இடைவெளியால்தான் வருகின்றன.
இன்று ஆறாம் காம்பரா அமலதாஸ்
மாட்டிறைச்சி வறுக்கிறான்.

"என் புகைக்கு நீங்க ஏன் கம்பு தூக்கணும்?" என்று
அவனே வந்து குத்திவிட்டுப் போனான்.
அன்றிலிருந்து ஒரு வழக்கம்:
தாளிக்குமுன் சுவரில் இரண்டு தட்டு.
ஆனாலும் எத்தனை தட்டைக் கேட்பது?
ஒரு ராத்திரி அவர்
பேட்டரியைக் கழற்றி
சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.
கோகிலம் ஒன்றும் சொல்லவில்லை.
சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

விளக்கணைத்த பிறகு
பாயிலிருந்து அவள் குரல் மட்டும்:
"அங்க குசினிக்குப் பக்கத்து ரூமு எனக்கு.
ராவுல வெளிய பூட்டிருவாங்க அண்ணி.
கூரையில இது இருக்கும்,
செவப்பா ஒரு புள்ளி மின்னும்.
அதப் பாத்துக்கிட்டேதான் தூங்குவேன்.
தீ கீ புடிச்சா
இது கத்துற சத்தத்துக்காச்சும்
யாராவது வந்து தொறப்பாங்கன்னு."

மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது.
எங்கள் கதவுக்குப் பூட்டே இல்லை,
கயிறுதான்.
அதை அவளிடம் சொல்லலாமா என்று
யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

விடியுமுன் எழுந்து
சாமிப் படத்துக்குப் பின்னால் தடவினேன்.
திருநீறு, கோயில் ரசீது, ஒரு செத்த பூச்சி,
பிறகு பேட்டரி.
அவரை எழுப்பி ஸ்டூலில் ஏற்றினேன்.
அடுப்புக்கு எதிர்மூலை,
அவள் தலைமாட்டுக்கு நேர் மேலே.
இரண்டு எட்டு கூடுதல், அவ்வளவே.
சிவப்பாய் ஒரு தரம் மின்னியது.

அதற்குள் சுவரில்
தட், தட்.
திலகமணி வெங்காயம் வதக்கப் போகிறாள்.
கம்பைத் தேடினேன்.
போர்வைக்குள்ளிருந்து ஒரு கை
ஏற்கெனவே அதைப் பிடித்திருந்தது.